மாட்டிவிட்டுப் போன சாமி

ஆடி பிறந்துவிட்டால் நல்ல நாள் கிடைக்காதென்று, பத்திரப் பதிவுக்கு முன்பே வீடு வாங்க வந்தவர்களைப் பால் காய்ச்ச விட்டிருந்தார் புரோக்கர் தணிகாசலம். சாவி அவரிடம்தான் இருந்தது. வீட்டுக்காரி தமயந்தியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு பேங்க் லோன் கிடைக்காமல் வியாபாரம் முறிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள், பூஜை அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய அவர்களுடைய அங்காளம்மன் மட்டும் போகவில்லை.

"வச்ச சாமிய எடுத்தா எங்களுக்கு வேற வீடே அமையாதுங்க" என்று போனை வைத்துவிட்டார்கள். தமயந்திக்கும் கை வைக்கப் பயம். வீடு பார்க்க வருகிறவர்களோ, "ஏற்கெனவே யாரோ பால் காய்ச்சிட்டாங்க போல" என்று செருப்பைத் தேடினார்கள்.

"நீங்கதானே சாவியக் குடுத்தீங்க? நீங்களே வந்து எடுங்க!" என்று தணிகாசலத்திடம் கத்தினாள்.

"பொறுங்கக்கா, ஆவணி பொறக்கட்டும். சரி பண்ணிடறேன்."

ஆவணியும் பிறந்தது, ஆள் வரவில்லை. ஆனது ஆகட்டும் என்று தமயந்தி மஞ்சள் துணியொன்றை எடுத்துக்கொண்டு போய், தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தாள். பால் பொங்கித் தீய்ந்த வாடை முகத்தில் அடித்தது. பூஜை அறையில் அங்காளம்மனுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெருமாள், வாடாத துளசி மாலையோடு.

தணிகாசலத்தை அழைத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்க்கா. அந்தப் பார்ட்டியும் வேணாம்னுட்டாங்க. நீங்க கவலப்படாதீங்க..."

தமயந்தி சுவரைப் பார்த்தாள். பெருமாளுக்குப் பக்கத்தில், படம் எதுவும் இல்லாமல், பளபளவென்று இன்னொரு ஆணி அடிக்கப்பட்டிருந்தது.