கைப்பிடியில் ஒரு பூட்டு

மூன்றாம் நாள் நோரீன் கண் விழித்தபோது, விண்கலத்தின் கதவுக் கைப்பிடியில் ஒரு பூட்டு மாட்டியிருந்தது.

"இதென்ன கூத்து? இவ்வளவு உயரத்துல திருடனா வரப் போறான்?"

"வெளியில இருக்கறவங்களுக்கு இல்ல. உள்ளே இருக்கறவங்களுக்கு" என்றார் கமாண்டர் கெசலர். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

உள்ளே இருந்தது ஐந்து பேர். நாலு பேர் ஹூஸ்டனில் வருஷக்கணக்காக ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஐந்தாவது ஆள் மேஜர் ஹேய்ஸ். ராணுவத்தின் ரகசியச் சரக்கோடு கூடவே வந்தவர். பூட்டு யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

சரக்கு என்னவென்று நோரீனுக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. "வாஷிங் மெஷின்னு வச்சுக்கோங்க" என்பார் மேஜர்.

"அப்ப என் சட்டையையும் உள்ளே போட்டு விடுங்க" என்பான் விமானி கர்ட். மேஜர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நேற்றுதான் அதை வெளியே மிதக்க விட்டார்கள். பிறகு ரகசிய லைனில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஹெட்போனைக் கழற்றிய மேஜர், அப்புறம் யாரோடும் பேசவில்லை.

"என்ன மேஜர், மெஷின் ஓடலையா?" என்றான் கர்ட்.

மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது வருஷ உழைப்பு என்று முன்பு ஒரு தடவை சொல்லியிருந்தார்.

நோரீன் கமாண்டரைத் தனியாகப் பிடித்தாள்.

"மனுஷன் நொந்து போய்க் கிடக்கார். குற்றவாளி மாதிரி அவரை வச்சுப் பூட்டியிருக்கீங்க."

"அந்தக் கதவைத் திறந்தா அஞ்சு பேரும் காலி. தெரியும்ல?"

"கர்ட் இப்படி உட்கார்ந்திருந்தா பூட்டுவீங்களா? அவர் நம்ம ஆள் இல்ல, அதானே?"

"போய் வேலையைப் பாரு, நோரீன்."

"இறங்கினதும் எழுதிக் கொடுக்கப் போறேன். அடுத்த பயணம் உங்களுக்குக் கிடைக்காது."

"எழுதிக் கொடு" என்றார்.

மீதி இரண்டு நாளும் கமாண்டரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேஜர் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் இருந்தார்கள். சாப்பாட்டில் நோரீன் தன் பங்கு இறாலையும் அவருக்கே கொடுத்தாள்.

தரையிறங்கிய மறுநாள், நோரீன் இரண்டு பக்கப் புகாரோடு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மேஜரே எதிரில் வந்தார். டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

"கெசலர் உங்களை அவமானப்படுத்தினதுக்கு" என்று தாளை நீட்டினாள்.

நின்றபடியே படித்து முடித்தார். திருப்பிக் கொடுக்கவில்லை.

"எல்லாரும் தூங்கிட்டு இருந்தப்ப என் கை அந்தக் கைப்பிடி மேல இருந்துச்சும்மா. எப்படிப் போச்சுன்னே தெரியல. பயந்து போய் அவரை எழுப்பினேன். பூட்டச் சொன்னதே நான்தான்."

"அதை... அவர் எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நானும் சொல்லிடுங்கன்னேன். 'தெரிஞ்சா உங்களைப் பார்த்து பயந்து ஒதுங்கிடுவாங்க, மேஜர். நானாப் பூட்டினேன்னு நினைச்சா, என்னைத் திட்டிக்கிட்டே உங்க பக்கத்துல வந்து உட்காருவாங்க'ன்னார்."