மூன்று வருடப் பாடத்திட்டம்

துரைராஜா சிவப்புப் பேனையைத் திறந்தார். குணலட்சுமி கொடுத்த திட்டம் அவர் முன்னால் கிடந்தது.

"உது சரிவராது" என்றார்.

பல்கலைக்கழகத்தில் மருத்துவ, விவசாய மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற சின்னத் துறை அது. துரைராஜா தலைவர், ஓய்வு வயது தாண்டியும் சேவை நீடிப்பில் இருக்கிறவர். குணலட்சுமி அவருக்குக் கீழே விரிவுரையாளர். தொழில்சார் தொடர்பாடலில் கலாநிதிப் படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடமும் உதவிப்பணமும் கொடுத்திருந்தது. என்னென்ன பாடம், எந்தத் தவணையில் என்று முன்கூட்டியே திட்டம் போட்டு, தலைவரின் ஒப்பத்தோடு அனுப்பவேண்டும்.

அவள் எல்லாவற்றையும் இரண்டு வருடத்துக்குள் அடக்கியிருந்தாள். அறிக்கை எழுதுதல் இருந்தது. மொழிபெயர்ப்பு இருந்தது. புள்ளிவிபரவியலையும் கள ஆய்வையும் மட்டும் நைசாகக் கழற்றிவிட்டிருந்தாள். அவை இல்லாமலும் பட்டம் கிடைக்கும்.

துரைராஜா கழற்றியதை எல்லாம் திரும்பப் பூட்டினார். திட்டம் மூன்று வருடத்துக்கு நீண்டுவிட்டது.

"கிணத்துக்கு மருந்து போடச் சொல்லி அகதி முகாமிலை ஒட்டின அறிவித்தல் சனத்துக்கு விளங்கேல்லை எண்டுதானே நீர் உந்தப் படிப்புக்கே விண்ணப்பிச்சனீர்? நாளைக்கு நீர் எழுதிறது விளங்குதோ இல்லையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிப்பீர்?"

நியாயமான கேள்விதான். கடைசியில் உள்ளதைச் சொன்னாள்.

"அத்தான் ரெண்டு வருசத்துக்குத்தான் பிணை நிப்பாராம், சேர்."

குடாநாட்டைவிட்டு வெளியே போவதென்றால் இயக்கம் எழுதிக் கொடுக்கிற அனுமதி, பாஸ், வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் இல்லை. செத்தவீடோ கலியாணமோ, கிளாலிக் கடலைத் தாண்ட முடியாது. தொண்ணூற்றுமூன்றில் இதைத் தெரியாதவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆகவே பிணையைச் சொந்தத்துக்குள்தான் கேட்பார்கள். அதையும் கூசிக் கூசித்தான் கேட்பார்கள்.

அக்காவின் கணவர், மருதனார்மடத்துச் சந்தைக்கு வெங்காயம் கொடுக்கிற அத்தான் நடராசா, இரண்டு வருடத்தில் மூத்த மகளைக் கொழும்பில் கட்டிக்கொடுக்கிற எண்ணத்தில் இருந்தார். அதற்குள் வருவதென்றால் சரி என்றுதான் தலையாட்டியிருந்தார்.

"பிணையைப் பாத்தோ பாடம் எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் துரைராஜா ஒப்பமிட்டார். கொழும்புக்குப் போகிற ஒருவரின் கையில் மூன்று வருடத் திட்டம் அன்றைக்கே போய்விட்டது.

எதிர்பார்த்தபடியே அத்தான் கையை விரித்தார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

வெறுந்தேநீர் குடிக்கிற நேரத்தில் சக விரிவுரையாளர் அருளம்பலம் அவளுக்கு உலகம் விளங்கவைத்தார். அருளம்பலம் நல்ல மனிதர். ஆனால் ஒருவரைப் பற்றி நல்லது நினைப்பதற்கு முன் கெட்டதை நினைத்துப் பார்த்துவிடுவார்.

"உவருக்குக் கலாநிதிப் பட்டம் இல்லை. நீர் அதோடை வந்தால் தலைவர் கதிரை ஆருக்கு? நீர் ஒரு வருசம் பிந்தினால் அவர் ஒரு வருசம் கூடுதலா இருக்கலாம். போகாமல் விட்டால் இன்னும் நல்லது."

குணலட்சுமி அதை நம்ப விரும்பவில்லை. தலைவரிடமே போய், அத்தான் மாட்டேன் என்றுவிட்டார், இனி என்ன செய்வது என்று கேட்டாள். துரைராஜா மாணவர்களின் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "பாப்பம்" என்றார்.

அதற்குப் பிறகு நம்பினாள். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. வழியில் கண்டால் வணக்கம் சொல்வதையும் நிறுத்தினாள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆவணியில் படிப்புத் தொடக்கம். ஆனி முடியப்போகிற நேரத்தில் பாஸ் கொடுக்கிற கந்தோருக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பிணையில்லாமல் கிடந்த விண்ணப்பத்தை நிராகரித்துத் திருப்பித் தரப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் போனாள். பாஸ் எழுதி ஆயத்தமாக இருந்தது.

"பிணைக்காரர் வந்து ஒப்பம் வைச்சிட்டுப் போட்டார், அக்கா" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

"அத்தானோ?"

"அத்தான் எண்டு சொல்லேல்லை. வயசான ஆள். துரைராஜா எண்டு பேர்."

குணலட்சுமி வெளியே வந்து சைக்கிளின் பூட்டைத் திறந்தாள். வெட்கமாக இருந்தது. அங்கிருந்து நேரே துரைராஜாவின் வீட்டுக்கு மிதித்தாள்.

அவர் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். மனைவி ஐரிஸ் கட்டிலில் சூட்கேசைத் திறந்துவைத்து உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதாம். கதிரையில் கிடந்த சேலைகளை எடுத்துவிட்டு அவளை இருக்கச் சொன்னார்.

குணலட்சுமி இருக்கவில்லை.

"சேர் எனக்குப் பிணை நிண்டிருக்கிறார், அன்ரி. எனக்கு இப்பத்தான் தெரியும். நான் அங்கை போய்ப் பாடங்களைக் குறைச்சு, ரெண்டு வருசத்திலை வந்திடுறன். சேரிட்டைச் சொல்லுங்கோ."

"உதைத்தான் பிள்ளை நானும் கேட்டனான், ரெண்டு வருசத்திலை முடிக்கிறமாதிரி மாத்தினால் என்ன எண்டு" என்றார் ஐரிஸ். "அரைகுறையாப் படிச்சிட்டு வாறதுக்கோ நான் பிணை நிக்கிறது எண்டு ஏசினவர்."

ஐரிஸ் கடைசிச் சேலையை வைத்து மூடியை அமுக்கினார். குணலட்சுமி குனிந்து மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொடுத்தாள்.

"மகள் எங்கள் ரெண்டுபேருக்கும்தான் விசா எடுத்தவள். இந்த மாதத்தோடை வேலையை விட்டிட்டு என்னோடை வாறதெண்டு இருந்தவர். இப்ப நான் தனியப் போறன்."