சாமிப்படத்தடியில் ஒரு பிஸ்கட் பேணி

மழைக்குறி ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று மத்தியானமே தங்கேஸ்வரி கடை வாசலில் தொங்கவிட்டிருந்த சேலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே கொண்டுபோனாள்.

"இண்டைக்கு வெள்ளெனப் பூட்டுறியளோ, மதாம்?" என்று கேட்டாள் ஜெனபா. கடைக்கு முன்னால், சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிக்குள் தகர அடுப்பை வைத்துச் சோளப்பொத்தி சுட்டு விற்கிற மாலி நாட்டுக்காரி. பேச்செல்லாம் பிரெஞ்சில்தான். தங்கேஸ்வரியின் பிரெஞ்சு அரைகுறை, ஜெனபாவுடையது அதற்குக் கொஞ்சம் மேல்.

"வருசப்பிறப்புக்கு ரெண்டு நாள்தான் கிடக்கு. உம்மடை புகை பிடிச்ச சாறியை ஆர் வாங்குவினம்?" என்றாள் தங்கேஸ்வரி, நிமிராமல்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருவில் சேலைக்கடை நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. வாடகை கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில், வருகிற சனம் சேலையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஜெனபா கோபிக்கவில்லை. வண்டியின் கைப்பிடியில் கட்டியிருந்த பிஸ்கட் பேணியைத் தட்டிக் காட்டினாள். காசு போட மூடியில் கீறல் வெட்டிய தகரப் பேணி. பொத்தி விற்றதில் பாதி அதற்குள் போகும். அவளுடைய ஊரில் பிள்ளைப்பேற்றுக்கு ஓர் அறை கட்டுகிறார்கள். அவளின் அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கழுதை வண்டியிலேயே செத்துப்போனவள்.

"சுவர் எழும்பிட்டுது, மதாம். கூரைத் தகரம்தான் மிச்சம். மண்சுவர். மழைக்கு முதல் தகரம் போடாட்டிக் கரைஞ்சு போடும்."

"ஊரிலை எங்கடை சனமே அகதி முகாமுக்குள்ளை தண்ணிக்கு வரிசையிலை நிக்குது. நான் ஆபிரிக்காவுக்குக் கூரை போடுறதோ?"

மாதக்கணக்காகத் தங்கேஸ்வரி சொல்லி வந்த பதில் இதுதான். அன்றைக்கு அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் பொலிஸ் வந்துவிட்டது.

மெத்ரோ வாசலில் நின்ற மற்றச் சோளக்காரர்கள் வண்டிகளை விட்டுவிட்டு எடுத்தார்கள் ஓட்டம். ஜெனபா சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டாள். அவளிடம் விசா இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அவள் பேணியை அவிழ்த்துத் தங்கேஸ்வரியின் கையில் திணித்தாள். "வச்சிருங்கோ, மதாம்" என்றாள். அதற்குமேல் பேச விடவில்லை. இரண்டு பொலிஸ்காரர் பிடித்துத் தங்கள் வண்டியில் ஏற்றினார்கள்.

"இவங்களுக்குள்ளை போட்டி" என்றார் பக்கத்துப் பலசரக்குக் கடை ஸ்ரீஸ்கந்தராசா. "ஓடினவங்களிலை ஒருத்தன்தான் பொலிசுக்குப் போன் அடிச்சிருப்பான். பாவம் அந்த மனுசி."

தங்கேஸ்வரி பேணியைப் பிடித்தபடி நின்றாள்.

அதைக் கல்லாப்பெட்டியோடு சேர்த்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காசு போல் இருந்தது. கடைக்குள் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தாள். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றப் போனால், பிள்ளையாருக்கு முந்திப் பேணிதான் கண்ணில் பட்டது. ஒருநாள் தன்னுடைய ஐம்பது யூரோவை அதற்குள் போடப் போனாள். கை கூசிற்று. மடித்துத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கொடுத்துவிடுவது என்றாலும் யாரிடம் கொடுப்பது? ஊரின் பெயர் தெரியாது. ஜெனபாவின் முழுப்பெயரும் தெரியாது. மெத்ரோ வாசலுக்குப் போய்ச் சோளக்காரர்களை விசாரித்தாள். அவளைக் கண்டதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். "உங்களுக்கு அவர் என்ன உறவு?" என்று கேட்டார்கள். திரும்பி வந்தாள்.

மாலியில் எப்போது மழை தொடங்கும் என்று இணையத்தில் பார்க்கும்படி மகள் சுபாங்கியிடம் கேட்டாள். "ஜூனிலை" என்றாள் அவள். மே மாதம் முடிய இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. கூரைக்கான காசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒரு தகரம் வாங்க வழியில்லை.

அந்தக் கிழமைதான் கடை போன் அடித்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மதாம், நான் ஜெனபா. என்னை ஊருக்கு அனுப்பிப்போட்டாங்கள். உங்கடை கடைப் பையிலை நம்பர் இருந்தது."

தங்கேஸ்வரி சாமிப்படத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேணி அப்பிடியே இருக்கு, பிள்ளை. நான் திறக்கேல்லை. ஆரிட்டைக் குடுக்க?"

"என்ரை மச்சான் அங்கை பக்கத்திலை மோந்த்ரேயிலை இருந்து நாளைக்கு வருவார். அவரிட்டைக் குடுங்கோ. இஞ்சை முகில் கட்டத் துவங்கிட்டுது."

"காசு வந்து சேர முதல் மழை வந்தால்?"

"வந்தால் வரட்டும், மதாம். என்ன செய்யிறது."

"ஜெனபா, அண்டைக்கு..." என்று தொடங்கிய தங்கேஸ்வரி வேறொன்றைக் கேட்டாள். "மெத்ரோ வாசலிலை உம்மடை ஆக்கள் அத்தினை பேர் நிண்டவை. ஏன் என்னட்டைத் தந்தனீர்?"

"அவை எல்லாரும் ஓடினவை. நீங்கள் மட்டும்தான் நிண்டனீங்கள்." ஜெனபாவின் குரலில் துளிக் கோபமும் இல்லை. "பொலிசைக் கூப்பிட்ட ஆள் ஏன் ஓடோணும், மதாம்?"