மூடிய வாய்க்கு ஓர் அலறல்

அலறிவிட்டான்.

தொண்டை கிழிய, டப்பிங் கூடத்தின் கண்ணாடி அதிர, உயிர் போகிற அலறல்.

திரையில், வெளிநாட்டுப் படத்தின் அந்த மாயன் இனக் கைதியின் வாய் மூடியே இருந்தது.

“அண்ணே, அவன் வாயத் தெறக்கவே இல்ல” என்றான் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சவுண்ட் இன்ஜினியர் பெனடிக்ட்.

படத்தைப் பின்னோக்கி ஓட்டினான். பிரமிடின் உச்சியிலிருந்து கைதி முதுகுப்பக்கமாகவே படியிறங்கிப் போய், மறுபடி ஏறி வந்தான்.

உடம்பெல்லாம் நீலம் பூசிய மனிதன். முன்னால் பலிக்கல். பூசாரியின் கையில் கருங்கல் ஆயுதம். கீழே, கூட்டத்தில், அவன் மனைவி.

அந்த மனைவிக்குக் குரல் தமயந்தி. இவனுக்கும் மனைவி அவள்தான். பக்கத்து மைக்கில் நின்றிருந்தாள்.

தொண்டை போய்விடும் என்று சாகிற காட்சிகளையெல்லாம் கடைசிக்கு ஒதுக்கிவைப்பது டப்பிங் வழக்கம். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இவன் விடாமல் செத்துக்கொண்டிருந்தான். ஈட்டி குத்தி. சிறுத்தை அடித்து. அருவியிலிருந்து விழுந்து. ஒவ்வொரு சாவுக்கும் நடுவே ஒரு மடக்கு வெந்நீர்.

மாயன் ராஜ்ஜியத்தின் பாதி ஜனத்தொகை நான்தான் என்று பெனடிக்டிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தான்.

இப்போதும் ஏதோ சொல்லிச் சமாளித்தான். நம் ஊரில் எவனாவது சத்தமில்லாமல் செத்தால் ஜனங்கள் எழுந்து தியேட்டர் ஆபரேட்டரைத் திட்டுவார்கள் என்று.

பெனடிக்ட் சிரித்தான்.

தமயந்தி சிரிக்கவில்லை.

மறுபடி ஒரு டேக்.

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அலறல் வந்துவிட்டது.

இந்தத் தடவை அது இவனைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று பெனடிக்ட் எழுந்து போனான். நல்ல பையன். டீ சொல்ல அவன் போகவேண்டியதே இல்லை.

திரையில் கைதி உறைந்து நின்றான். கீழே பார்த்தபடி.

வாய் மூடியபடி.

அன்று ஆஸ்பத்திரியில் இவன் தம்பி சசிதரனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். நிலைமை சரியில்லை, ஒருவர் மட்டும் உள்ளே வாருங்கள் என்று நர்ஸ் வந்து கூப்பிட்டபோது தமயந்திதான் போனாள். இவன் ஸ்கூட்டரைச் சரியாக நிறுத்திவிட்டு வருவதாகச் சொன்னான்.

ஸ்கூட்டர் சரியாகத்தான் நின்றிருந்தது.

வாசலில் வாட்ச்மேனிடம் கதையடித்தான். வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலே ஏறிப்போனபோது எல்லாம் முடிந்து, தமயந்தி வெளியே வந்து நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் தம்பியின் வாய் அசைகிறது. சத்தம் இல்லை. அசைகிற வாயைச் சும்மா விடுகிற தொழிலா இவனுடையது? இவனே குரல் கொடுத்தான். ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்.

அண்ணே.

கடைசியில் என்ன சொன்னான் என்று தமயந்தியிடம் எத்தனையோ தரம் கேட்டாகிவிட்டது. பால் பொங்குது என்பாள். தூங்கிட்டிருந்தான் என்பாள். ஒருமுறை, டாக்டரைக் கேளுங்க என்றாள்.

இப்போது திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“கூப்பிட்டானா, தமா?”

குரல் கரகரவென்று வந்தது. அது சாவுகளின் உபயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தமயந்தி ஹெட்போனைக் கழற்றினாள். மைக் அணைந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தாள்.

“இல்லீங்க. கூப்பிடல. ‘அண்ணி, அண்ணன உள்ள விட்டுராதீங்க, ஏதாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சிரும், தையல் வலிக்கும்’னான்.”

ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள்.

“அதச் சொல்றப்பவே அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சான். அவ்வளவுதாங்க.”