சட்டைப் பித்தான் சக்கரங்கள்

பம்பாயில், பாந்திரா மாதா கோயில் படிக்கட்டில் பாதி ஏறியபோது மெழுகு விமானத்தின் இடது இறக்கை லேசாகத் தொங்க ஆரம்பித்தது.

தனசீலன் பதறிப்போய்க் குடையை விமானத்தின் பக்கம் சாய்த்தார். வெயில் அவர் மனைவி லூசியம்மாளின் தலையில் விழுந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒடிந்த காணிக்கையை மாதா முன்னால் வைக்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அது உத்தரவு.

வரிசையில் நின்ற மற்றவர்கள் எல்லாரும் அடிவாரத்துக் கடைகளில் வாங்கிய மெழுகு உருவங்களை வைத்திருந்தார்கள். கை வலித்தால் கை, கால் வலித்தால் கால், வீடு வேண்டுமென்றால் வீடு. கேட்க வேண்டியதை மெழுகில் காட்டிவிட்டால் மாதாவுக்குப் புரிந்துவிடும்.

போர் விமானம் எந்தக் கடையிலும் இல்லை. அதனால் தனசீலனே செய்தார். அறுபத்தைந்தாம் வருஷம், பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த செப்டம்பர்.

மகன் சூசைமாணிக்கம் விமானப்படையில் இருந்தான். தாராவியில் தனசீலனைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். தெரியாதவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மகன் விமானம் ஓட்டுகிறானா என்று யாராவது கேட்டால் மட்டும் வானத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

பேப்பரில் வந்த வாம்பயர் ஜெட் படம்தான் மாதிரி. இரட்டை வால் வைத்த விமானம். பழசுதான், ஆனாலும் ஜெட் ஜெட்தானே.

இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் அச்சு எடுக்கிற கை அவருடையது. அளவு தப்பினால் அவருக்குச் சோறு இறங்காது. படத்தில் கண்ணாடிக்குள் பைலட்டின் தலை தெரிந்தது. அந்தத் தலை ஒரு பட்டாணி என்றால் விமானம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஈர்க்குச்சியால் அளந்து கணக்குப் போட்டார். இறக்கை நுனிக்கு நுனி ஒன்றரைச் சாண் வந்தது.

ராத்திரி விளக்குப் போடக் கூடாது என்று சர்க்கார் சொல்லியிருந்தது. ஊரே மெழுகுவர்த்திக்கு அலைந்தது. இவர் வீட்டில் மட்டும் மெழுகுவர்த்திகள் உருகி விமானமாகிக்கொண்டிருந்தன. வேலைவிட்டு வந்து இருட்டுவதற்குள் உட்கார்ந்து செய்வார்.

இறக்கைக்குள் துடைப்பத்து ஈர்க்குச்சி, வால்களுக்குள்ளும் ஈர்க்குச்சி. அப்படியும் வால் ஒடிந்துகொண்டே இருந்தது. ஒருவழியாக ஒடியாமல் நின்ற சாயங்காலம், அவருக்கு வந்த சந்தோஷத்தில் சண்டை நடப்பதே மறந்துவிட்டது. பட்டாணியை உள்ளே உட்காரவைத்து மிட்டாய்க் கண்ணாடித் தாளால் மூடினார். மனசுக்குள் அதற்குச் சூசை என்று பேரும் வைத்துவிட்டார்.

பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து வயிற்றை வழவழவென்று ஆக்கினார். லூசியம்மாள் வந்து விமானத்தைப் புரட்டிப் பார்த்தாள். சக்கரம் எங்கே என்று கேட்டாள்.

பறக்கும்போது சக்கரம் உள்ளே மடங்கிவிடும், பறக்கிற கோலம்தான் அழகு என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவளும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, கொடியில் கிடந்த அவருடைய கோயில் சட்டையை எடுத்து மூன்று பித்தான்களை அறுத்து அவர் முன்னால் வைத்தாள்.

வழவழ வயிற்றில் ஊசியை இறக்கும்போது அவருக்கு அழுகையே வந்தது. ஒடித்த கொண்டை ஊசிகள் கால்களாயின. மெழுகில் தோய்த்த பித்தான்கள் சக்கரங்களாயின. மூக்குக்கு அடியில் ஒன்று, இறக்கைகளுக்கு அடியில் ஒவ்வொன்று. இன்றைக்குக் கோயில் சட்டையின் மானத்தைக் காப்பது ஊக்குகள்தான்.

ஆனால் விமானம் தன் காலில் நின்றது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, முன்னைவிட அழகாகத்தான் இருந்தது.

அடிவாரத்தில் ஒரு கடைக்காரன் விமானத்தைப் பார்த்துக் கயிற்றுக் கட்டிலா என்று கேட்டதைத் தவிர, இதுவரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. இப்போது இந்த இறக்கை. வரிசையோ நகர்வதாக இல்லை.

முன்னால், மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த ஒரு மாமி மெழுகு முழங்காலோடு நின்றிருந்தார். திரும்பி விமானத்தைப் பார்த்தார். பிறகு லூசியம்மாளைப் பார்த்தார்.

"ஏம்மா, உம் பிள்ளை ஓட்டற பிளேனா?"

தனசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்க்கத் தயாரானார்.

"இல்ல மாமி" என்றாள் லூசியம்மாள். "எம் பிள்ள அங்க சோறு பொங்குதான். பொங்குன சோறு மிஞ்சிப் போவுதுன்னு ஆள்ட்ட சொல்லி விட்டுருக்கான். பறந்து போன பிள்ளைங்க அம்புட்டு பேரும் எறங்கி வந்து சாப்புடணும்லா?"

மாமி ஒதுங்கி நின்று அவர்களுக்கு முன்னால் இடம் விட்டார்.

அந்தச் செய்தி தனசீலனுக்கும் வந்ததுதான். அளவு தெரியாமல் உலை வைக்கிறான், அப்பனுடைய கணக்கு மகனுக்கு வரவில்லை என்று அன்றைக்குச் சிரித்தார்.

இப்போது குனிந்து, கண்ணாடித் தாளுக்குள் இருந்த பட்டாணியைப் பார்த்தார்.

யார் பெற்ற பிள்ளையோ.

குடையைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து, அந்தத் தலைக்கு நிழல் விழும்படி பிடித்துக்கொண்டு, அடுத்த படியில் காலை வைத்தார்.