நாணலும் ஓர் இறகும்

கண்நோய் தீர்க்கும் தோத் சாமியின் கோயில் வாசலில் உச்சி வெயில் கொளுத்துகிறது. பக்தர்களின் வேண்டுதலைச் சாமியிடம் கொண்டுபோகும் அரிவாள்மூக்கன் பறவையைப் பதப்படுத்தித் துணியில் சுற்றித் தருபவன் ஹோருஜா. அவன் நீட்டிய பொதியைத் தமின் என்ற தாய் கைக்குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொள்கிறாள். உள்ளே பறவை இல்லை. நாணலும் சேறும் ஒரே ஓர் இறகும்தான். திருவிழாக் கூட்டத்துக்குப் பறவை போதாமல் நேற்று அவனே சுற்றியது. "என்ன தம்பி, கனமே இல்லையே?" என்கிறாள். "பறக்குற சாதிதானேம்மா, கனமாவா இருக்கும்?" என்று சிரிக்கிறான், சிரித்த வாய் கசக்கிறது. அவள் நம்பிவிடுகிறாள். பறவையின் காது இருக்குமிடத்தை விரலால் தடவித் தேடி, உதட்டைப் பதித்து, "என் மக மெரித்துக்கு ஒரு கண்ணு போயிருச்சு, மத்ததையாவது விட்டுவைக்கச் சொல்லு" என்று கெஞ்சுகிறாள். அவள் மூச்சில் துணி நனைகிறது. அணைப்பு இறுக, நாணல் நொறுங்கும் சத்தம் அவனுக்குக் கேட்கிறது. பிசின் படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். "உன் பேரு என்ன தம்பி? உனக்கும் ஒரு வார்த்தை சொல்றேன்." "என் பேரு மட்டும் வேணாம்மா." "எவ்வளவு அடக்கம் பாரு!" என்று வியந்தவள், மறுபடி பொதியின் காதில் குனிகிறாள்: "உன்னைச் சுத்திக் குடுத்த புண்ணியவானையும் மறந்துடாதேன்னு சாமிகிட்ட சொல்லு."