நெற்றிச் சிவப்பு

கடையில் கோய் என்ற ஜப்பானிய அலங்கார மீனின் அந்தக் குஞ்சை, நிறம் தெளிவாகத் தெரிய நீலத் தொட்டியில் விட்டு, மேலிருந்து முதலில் பார்த்தவன் நான்தான். உடம்பெல்லாம் வெள்ளை. நெற்றியில் மட்டும் கோணலாக ஒரு சிவப்பு. வேண்டாமென்று தள்ளினேன். எட்டு வருடமாகக் கோய் வளர்க்கிறவன் தள்ளியதை, வளர்க்கத் தொடங்கி இரண்டே மாதமான சம்பந்தன் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் வருடம் அது அவர் குளத்தில் முழங்கை நீளத்துக்கு நீந்தியது. கோணல் சிவப்பு, வைத்த பொட்டுபோல வட்டமாகியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

“எப்படி சார் இருக்கு?” என்றார் சம்பந்தன்.

குனிந்து வெகுநேரம் பார்த்தேன். “சிவப்போட ஓரத்தைப் பாருங்க. வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு. அடுத்த கோடைக்குள்ள மொத்தமா போயிடும்.”

ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது.

“என் கண்ணுக்குத் தெரியலையே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். மறுவாரம், “உங்ககிட்ட இருந்தா ஒருவேளை நிறம் தங்கும் சார்” என்று அந்த மீனை எனக்கே கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் குளத்தின் மேல் குனிந்து அந்த ஓரத்தை மட்டும்தான் பார்க்கிறேன். நேற்று சம்பந்தன் வந்தார். அவரும் குனிந்தார். அன்று நான் பார்த்த அளவு நேரம் பார்த்தார்.

“நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் சார். நல்லாவே வெளுத்திருக்கு.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் போனதும் மீனைப் பிடித்து என்னிடமிருந்த நீலத் தொட்டியில் விட்டேன். சிவப்பு எங்கே முடிகிறது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.